புரட்டாசிக்குள் ஒட்டடை, ஐப்பசிக்குள் வடிகால்

சென்னை அலுவலகங்கள் வருடத்தில் ஒரு முறையாவது அடியோடு சுத்தமாகும் நாள், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். புரட்டாசியில் வரும், சில வருடம் ஐப்பசி பிறந்து வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. பீரோவை நகர்த்தி, கட்டுக்கட்டான கோப்புகளை இறக்கித் தட்டி, ஒட்டடைக் கம்பால் மூலை முடுக்கெல்லாம் துழாவி முடித்த சூட்டோடு மழை வந்துவிடும். ஈரம் ஏறுவதற்குள் காகிதம் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்குப் போயிருக்கும். எலி வளை எங்கே, கரையான் புற்று எங்கே என்று தெரிந்திருக்கும். ஜன்னல் கொக்கி எது ஆடுகிறது என்பதும் தெரிந்திருக்கும். சரஸ்வதிக்காகச் செய்தோமா மழைக்காகச் செய்தோமா என்று யாரும் கேட்டதில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் நடந்தது.

இப்போதும் ஆயுத பூஜை நடக்கிறது. கணினித் திரைக்குச் சந்தனம், குங்குமம்; மேசைக்கு மேசை பொரி, சுண்டல் பொட்டலம்; வாசலில் வாழைக்கன்று. ஆனால் யாரும் எதையும் நகர்த்துவதில்லை. நகர்த்த ஒன்றுமில்லை என்பது ஒரு காரணம். மேசைகள் தரையோடு பொருத்தப்பட்டிருக்கின்றன, கோப்புகள் வேறெங்கோ சர்வரில் இருக்கின்றன. முந்தைய இரவே ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் வந்து துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பது இன்னொன்று. பூஜை இருக்கிறது. அதற்கும் மழைக்கும் இருந்த தொடர்புதான் அறுந்துவிட்டது.

1980களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த வங்கிக் கிளை, மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்பு ஆக்சைடு தரை, தெருவிலிருந்து நாலு படி உயரம், முன்னால் வராந்தா, பின்னால் ஒரு வேப்ப மரம். சுத்தம் செய்ய ஓர் ஆயா இருந்தார். பகுதி நேர ஊழியர். அந்தக் காலத்து வங்கி ஒப்பந்தங்களில் அதற்கு ஒரு கணக்கு உண்டு: வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்பதைப் பொறுத்து, முழுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று கொடுப்பார்கள். எங்கள் ஆயாவுக்குப் பாதி. ஆனால் நிரந்தரம். மேனேஜர்கள் மூன்று வருடத்துக்கு ஒருவராக மாறினார்கள், நாங்கள் மாற்றலாகிப் போனோம், ஆயா அங்கேயே இருந்தார். அந்தக் கட்டடத்தின் எல்லாப் பருவங்களையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சித்திரையிலும் வைகாசியிலும் அவர் வேலை முறையே வேறு. விடியற்காலையில் வந்து வாசலில் தண்ணீர் தெளிப்பார். உள்ளே பெருக்குவதற்கு முன்பும் கையால் லேசாகத் தெளிப்பார், தூசி எழாமல் இருக்க. கிழக்கு ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பெருக்கி, ஒன்பதரை மணிக்கெல்லாம் சாத்திவிடுவார். பகல் ஒரு மணிக்கு மேல் கடற்காற்று வந்ததும் மறுபடி திறப்போம். கத்திரி வெயில் நாட்களில் கணக்குக்கு மேலே ஒரு தடவை தரையைத் துடைத்துவிடுவார். சுத்தத்துக்கு அல்ல, குளிர்ச்சிக்கு. ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துக்கொண்டு கூட்டல் போட்ட காசாளர்கள் இன்றும் இருப்பார்கள். மண்பானையில் பாசி பிடிக்காமல் இரண்டு நாளுக்கு ஒரு தரம் தேய்ப்பதும் வெயில் கால வேலைதான்.

ஆடியில் காற்று. மேசையில் இருக்கிற வவுச்சரெல்லாம் பறக்கும். தெருப் புழுதி லெட்ஜர் மேல் படியும். ஒரு நாளைக்கு இரண்டு முறை தூசி தட்டுவது அப்போதுதான்.

ஐப்பசி வந்தால் எல்லாம் தலைகீழ். தண்ணீர் தெளிப்பது நின்றுவிடும். வாசலில் கோணிச் சாக்கு இரண்டு விழும். ஒன்று படியில், சேற்றை உரசுவதற்கு. ஒன்று உள்ளே, ஈரத்தை ஒற்றுவதற்கு. இன்றைய பெரிய கட்டடங்களின் வாசலில், வெளியே முரட்டு விரிப்பும் உள்ளே உறிஞ்சும் விரிப்புமாக இரண்டு அடுக்கு போடுகிறார்களே, அதே தத்துவம். குடைகளுக்கு வராந்தாவில் ஒரு தகர டப்பா. தரையைக் காலையில் ஒரு தடவை, பிழிந்த துணியால் மட்டும் துடைப்பார். மழைநாளில் தரை காயாது. காயாத தரையை மறுபடி நனைத்தால் அடுத்து வருகிறவர் வழுக்கி விழுவார்.

ஈசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நல்ல மழை பெய்த ராத்திரி, காவலாளி எரியவிட்ட விளக்கைச் சுற்றி ஈசல் வந்து விழும். காலையில் கதவைத் திறந்தால் தரை முழுக்க இறக்கை. நான் ஒரு தடவை அவசரத்தில் மின்விசிறியைப் போடப் போனேன். "தம்பி, ஃபேனத் தொடாதீங்க, லெட்ஜருக்குள்ள பூந்துடும்" என்று கத்தினார் ஆயா. உலர்ந்த துடைப்பம் பட்டால் இறக்கை ஓடும். எல்லா விசிறியையும் நிறுத்திவைத்து, ஜன்னலைச் சாத்தி, தண்ணீரை விரல்நுனியால் உதறி, இறக்கை தரையோடு ஒட்டிக்கொண்ட பிறகு மெதுவாக ஓரமாக ஒதுக்கி முறத்தில் அள்ளுவார். மழைக்காலத்தில் அவர் தண்ணீர் தெளித்துப் பெருக்கிய நாட்கள் அவை மட்டுமே. பிறகு காவலாளியிடம் போய், ராத்திரி உள்விளக்கை அணைத்து வாசல் விளக்கை மட்டும் எரியவிடச் சொல்லிவிட்டு வருவார். மறுநாள் வேலை பாதியாகிவிடும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வேலை கூரையில் இருந்தது. மாசி, பங்குனியில் வேப்ப மரம் இலை உதிர்த்து, சித்திரையில் பூ உதிர்த்து, அத்தனையும் மொட்டை மாடியின் தண்ணீர்த் துவாரத்தில் போய் அடைந்திருக்கும். கைப்பிடிச் சுவரின் விரிசலில் காக்கை போட்ட விதையில் அரசங்கன்று முளைத்திருக்கும். புரட்டாசிக்குள் ஏறி இலையை அள்ளி, கன்றை வேரோடு பிடுங்கியாக வேண்டும். விட்டால் மாடியில் தண்ணீர் தேங்கி, சுண்ணாம்புக் கூரையில் இறங்கி, பதிவேட்டு அறையில் சொட்டும். எந்த இடத்தில் சொட்டும் என்பது ஆயாவுக்குத் தெரியும். வாளியை எங்கே வைப்பது என்று அவர் யோசித்ததே இல்லை. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமான பிறகு, மாடியைக் கழுவி, முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, அப்புறம் குழாயைத் திருப்பிவிடுவது என்று அந்த வேலைக்கு இன்னும் மதிப்பு கூடியது.

பதிவேட்டு அறை தனிக் கதை. ஐப்பசிக்குள் கீழ்த்தட்டு காலியாக வேண்டும். தட்டுகளில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடுவார்கள், பிற்பாடு அந்துருண்டை. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துவார்கள், சுவர் ஈரம் காகிதத்துக்குப் போகாமல் இருக்க. மார்கழிப் பனி முடிந்து தை பிறந்ததும் கட்டுகளை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைப்பார்கள். எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில் நூற்றாண்டுக் கணக்கான காகிதத்தை இந்தக் கடற்கரை ஊரின் ஈரத்திலும் வெயிலிலும் காப்பாற்றி வைத்திருப்பதற்குப் பின்னால், பருவம் தவறாத கைகளின் உழைப்பு நிச்சயம் உண்டு.

ஓய்வுக்குப் பிறகு சில காலம் ராஜீவ் காந்தி சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு அந்தச் சாலையில் வரிசையாக எழுந்த கட்டடங்களின் சாயலில் ஒன்று. ஜன்னல் திறக்காது. உள்ளே எப்போதும் 23 டிகிரி. பருவம் என்ற ஒன்றே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஹவுஸ்கீப்பிங் அட்டவணையும் அப்படித்தான் சொன்னது: ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் ஒரே தாள். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய செக்லிஸ்டில் மணிக்கு ஒரு கையெழுத்து. சிவப்புத் துணி கழிப்பறைக்கு, பச்சை பேன்ட்ரிக்கு, நீலம் மேசைக்கு. இந்த ஒழுங்கு உண்மையாகவே நல்ல ஒழுங்கு. எங்கள் பழைய கிளையில் ஒரே துணி எல்லா இடத்துக்கும் போனது. அதைப் புகழ எனக்கு மனமில்லை. குனிந்து குனிந்து இடுப்பு போன ஆயாவுக்கு நீண்ட கம்பு வைத்த மாப் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஸ்க்ரப்பர் மெஷின் ஒரு ஹாலை முடிக்கிற நேரத்தில், அன்று ஒரு மூலைகூட முடிந்திருக்காது.

ஆனால் பருவம் போய்விடவில்லை. வேறு வழியாக உள்ளே வந்தது.

அக்டோபரில் ஒரு காலை, சொட்டு மழை இல்லை. வரவேற்பறைத் தரை நனைந்திருந்தது. மாப் போட்டார்கள், பத்து நிமிடத்தில் மறுபடி ஈரம். யாரோ தண்ணீர் சிந்துகிறார்கள் என்று மேற்பார்வையாளர் தேடிக்கொண்டிருந்தார். சிந்தியது காற்று. ராத்திரி முழுக்க ஏசியில் குளிர்ந்த டைல்ஸ் மேல், கதவு திறக்கிறபோதெல்லாம் வெளியே இருக்கிற புழுங்கல் காற்று வந்து பட்டு வியர்த்தது. பழைய சிவப்புத் தரைக்கு இந்தத் தொல்லை இல்லை, அது வெளிக்காற்றின் சூட்டிலேயே இருந்தது. இங்கே ஈர மாப்பால் துடைக்கத் துடைக்க நிலைமை மோசமாகும். உலர்ந்த மாப் போட்டு, வாசல் பக்கத்து ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி, இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காமல் பார்த்துக்கொண்டால் தீரும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் தாம்பரத்தைத் தாண்டி ஏதோ கிராமத்திலிருந்து வரும் ஓர் அக்கா. "வெளிய புழுக்கம் ஜாஸ்தி ஆனா இங்க தரை வேர்க்குது சார், போன வருஷமும் இதே நாள்லதான்" என்றார். அட்டவணையில் அது இல்லை.

அதே போல திங்கட்கிழமை வாடை. சனி, ஞாயிறு ஏசியை நிறுத்திவிட்டால் மழைக்கால ஈரம் கம்பளத்தில் இறங்கிவிடும். திங்கள் காலை பூஞ்சை நாற்றம். வெயில் காலத்தில் அதே இரண்டு நாள் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அலுவலகங்களைத் திறந்தபோது பலரும் பார்த்தது நாற்காலிகளில் படர்ந்த வெள்ளைப் பூஞ்சையைத்தான். கிருமிநாசினி தெளிக்க வந்தவர்களுக்கு அதற்கு முன்னால் ஈரத்தை வெளியேற்றுகிற வேலை காத்திருந்தது.

கோடையின் வேலை இப்போது கூரைக்குள் மறைந்திருக்கிறது. ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அதிலிருந்து சொட்டும் தண்ணீர் போகிற குழாயில் வழவழப்பான பாசி கட்டி அடைக்கும். பொய்க்கூரையில் பழுப்பு வட்டம் விழும். பங்குனியிலேயே குழாயைக் கழுவிவிட்டால் வைகாசியில் யார் தலையிலும் சொட்டாது. கடற்கரையை ஒட்டிய கட்டடம் என்றால் கண்ணாடியில் உப்பு படியும். மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டத் தொடங்கிய பிறகு ஏசி வடிகட்டிகளை முன்பைவிட அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று. மார்கழிக் கடைசி நாளில் இன்னொன்று: போகிப் புகை. 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாத அளவுக்குப் புகை. அன்று வெளிக்காற்றை உள்ளிழுக்கும் துவாரத்தை மூடிவைத்து, மறுநாள் வடிகட்டியைக் கழுவுவது புத்திசாலித்தனம். கயிற்றில் தொங்கி வெளிக் கண்ணாடியைக் கழுவுவதை அக்டோபரில் செய்வது வீண்; அதைவிட முக்கியமாக, ஈரத்திலும் காற்றிலும் உயிருக்கு ஆபத்து. தை பிறந்து செய்யலாம். எளிய விஷயம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் 'காலாண்டுக்கு ஒரு முறை' என்று எழுதியிருந்தால் மழைக்கு நடுவிலும் ஆளை ஏற்றுவார்கள்.

தண்ணீர் இல்லாத கோடையும் வந்தது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12 அன்று வில்லிவாக்கத்தில் வந்து நின்ற முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். இந்தச் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. வாளி வாளியாகக் கொட்டிக் கழுவிப் பழகிய நகரம், ஒரு குவளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தளத்தைத் துடைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அந்தப் பழக்கம் ஏரி நிறைந்த பிறகும் தொடர்ந்திருக்க வேண்டும். தொடரவில்லை.

வெள்ளம் அதற்கு முன்னாலும் பின்னாலும். 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1000 மி.மீ.க்கு மேல் பெய்தது. இந்த ஊருக்கு ஆண்டு முழுதுக்கும் சராசரி 1400தான். டிசம்பர் முதல் தேதி அடையாற்றில் தண்ணீர் கரை மீறி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர். எங்கள் பழைய கிளை நாலு படி உயரத்தில் இருந்தது. அப்படியே தண்ணீர் ஏறினாலும் வராந்தா வழியாகத் தள்ளிவிடலாம், சுண்ணாம்புச் சுவர் மெல்ல மெல்லக் காய்ந்துவிடும். இன்றைய கட்டடம் தரைக்குக் கீழே இரண்டு தளம் இறங்குகிறது. கார் நிறுத்துமிடமும், பல இடங்களில் மின்சாரப் பெட்டியும் அங்கேதான். வெள்ளம் வடிந்த பிறகு வண்டலைக் காயவிடாமல் அள்ள வேண்டும். காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். அப்புறம் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, விசிறி வைத்து உலர்த்த வேண்டும். தண்ணீரை உறிஞ்சிய ஜிப்சம் தடுப்பையும் கம்பளத்தையும் காப்பாற்ற முயல்வது வீண், எடுத்துப் போட வேண்டியதுதான். இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றே: பேஸ்மென்ட் சரிவின் அடியில் இருக்கிற வடிகால் கம்பியைத் தூக்கி, அடியில் கிடக்கும் மண்ணையும் தேநீர்க் கோப்பைகளையும் அக்டோபர் முதல் வாரத்தில் அள்ளுவது. மோட்டாரை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்ப்பது. அரை நாள் வேலை.

அதைச் செய்யாமல் விடுவது சோம்பலால் அல்ல. ஆள் மாறிவிடுகிறார்.

இதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் 1976 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது: அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது. ஆண்டு முழுவதும் நடக்கிற வேலை, ஆண்டு முழுவதும் இருக்கிற ஆள் செய்யட்டும் என்பதே அதன் உட்பொருள். 2001 ஆகஸ்டில் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. பிறகு ஆறாவது ஊதியக் குழு மத்திய அரசின் கடைநிலைப் பணிப் பிரிவையே எடுத்துவிடச் சொன்னது. தனியார் கட்டடங்களில் தொடக்கம் முதலே ஒப்பந்தம்தான். எல்லாமாகச் சேர்ந்து, ஒரு கட்டடத்தோடு ஒரு பருவச் சுற்று முழுக்க வாழ்ந்த ஆளைக் காண்பது அரிதாகிவிட்டது.

நான் பார்த்த அந்தக் கட்டடத்தில் ஒப்பந்தம் முடிந்து புது ஏஜென்சி வந்தது செப்டம்பர் இறுதியில். குறைந்த விலை கேட்டவருக்குப் போயிற்று. தரை வேர்ப்பதைச் சொன்ன அக்கா உட்படப் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள், ஆனால் மூன்றாவது தளத்தில் வடக்கு மூலை ஜன்னல் ரப்பர் வழியாகத் தண்ணீர் வருவதும், பேஸ்மென்ட் கம்பி எங்கே அடைக்கும் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? மழைக்கு மூன்று வாரம் முன்னால், கட்டடத்தை அறிந்த அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு நிற்பதைவிடப் பெரிய பராமரிப்புத் தவறு எனக்குத் தெரிந்து கிடையாது. ஒப்பந்தம் மாற வேண்டும் என்றால் மாசியில் மாறட்டும். வருகிறவருக்கு வெயில் காலமும் ஆடிக் காற்றும் பழக அவகாசம் இருக்கும். ஏஜென்சி மாறினாலும் ஆட்கள் தொடர வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடலாம். எங்கே ஒழுகுகிறது, எந்தக் குழாய் எந்த மாதம் அடைக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் இப்போது எல்லோருக்கும் முந்தைய இரவே மின்னஞ்சல் போய்விடுகிறது, நாளை வீட்டிலிருந்து வேலை என்று. ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு அது பொருந்தாது. அன்றைக்குத்தான் அவர்கள் கட்டாயம் தேவை. முழங்கால் தண்ணீரில் நடந்து, ஓடாத பேருந்துக்குக் காத்திருந்து, ஷேர் ஆட்டோவுக்கு இரட்டைக் கட்டணம் கொடுத்து வருகிறார்கள். வர முடியாதவருக்கு அன்றைய கூலி இல்லை. எங்கள் ஆயா தெப்பக்குளத்துப் பக்கம் சந்தில் குடியிருந்தார், கிளைக்கு நடந்து வருகிற தூரம். இன்று அந்தச் சாலையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாக்கத்திலிருந்தும் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். மழை நாளில் அவர்களுக்கு ஒரு வேன், மாற்றிக்கொள்ள உலர்ந்த சீருடை, ரப்பர் பூட்ஸ், வர முடியாமல் போனால் பிடித்தம் இல்லாத கூலி. ஒப்பந்தத்தில் இந்த நாலு வரியையும் அக்டோபருக்குள் சேர்த்துவிட வேண்டும்.